மலையோரத் தோட்டங்களுக்கு ஓடும் பிக்கப்: வால் இடிக்காமல் பின் பாடியை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், கடையால், பத்துகாணி, ஆறுகாணி, கீரிப்பாறை, பாலமோர் பக்கங்களில் ரப்பரோ கிராம்போ அன்னாசியோ வைத்திருப்பவர்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். முன்பக்கம் ஏறிவிடுகிறது, பின்பக்கம் இடிக்கிறது. ஓடையில் இறங்கி ஏறும்போது பம்பர் தரையில் உரசுகிறது, சைலன்சர் குழாய் நசுங்குகிறது, நம்பர் பிளேட் மடங்குகிறது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பலர் முதல் வேலையாக வண்டியைத் தூக்குகிறார்கள். சிலர் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையே வெட்டிவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லாமல் செய்யப்படுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, உயிருக்கு ஆபத்தில்லாமல் அதே பலனைப் பெறலாம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் கீழே.

தரையிலிருந்து உயரம் 200 மி.மீ.க்கு மேல் இருக்கிறது. பிறகு ஏன் பின்பக்கம் இடிக்கிறது?

கம்பெனி சொல்லும் அந்த உயரம் வண்டியின் அடியில் மிகத் தாழ்வாக உள்ள இடத்துக்கு உரியது. பிக்கப்பில் அது பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள கிரவுன் ஹவுசிங், அதாவது பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பெட்டி. அது சக்கரங்களுக்கு நடுவிலேயே இருப்பதால் சக்கரம் ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறிவிடும். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை. சக்கரம் இன்னும் ஓடையின் அடியில் இருக்கும்போதே அது கரையில் போய் முட்டும்.

இங்கே கணக்கில் வருவது கோணம். பின் டயரின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, வாலில் மிகத் தாழ்ந்த இடத்தையும் தொடும் ஒரு கோடு தரையோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. கம்பெனித் தாள்களில் டிபார்ச்சர் ஆங்கிள் என்று போட்டிருப்பார்கள். நான் பின்கோணம் என்றே எழுதுகிறேன். டொயோட்டா ஹைலக்ஸ் பெயர் பெற்ற மலைவண்டி. ஆனால் அதன் முன்கோணம் (முன்பக்கத்துக்கு இதே அளவு) 29 டிகிரி, பின்கோணம் 26 டிகிரிதான். மஹிந்திரா தாருக்குப் பின்கோணம் 36 டிகிரிக்கும் அதிகம். ஹைலக்ஸின் நீளம் 5.3 மீட்டரைத் தாண்டும், தார் 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதே இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு. பழைய ஜீப்புகள் நம் எஸ்டேட்களில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கும் அந்தக் குட்டையான பின்பக்கம் ஒரு முக்கியக் காரணம்.

என் வண்டியின் பின்கோணத்தை நானே அளக்க முடியுமா?

அளக்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஆறடி நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டமோ மரப்பலகையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையைப் பின் டயரின் அடியில், பின்பக்கமாக, இடமில்லாத அளவுக்குச் செருகுங்கள். மறுமுனையை மெதுவாக மேலே தூக்குங்கள். வண்டியின் எந்த இடத்தில் முதலில் தட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. பலகையின் மேல் மொபைலை வைத்து, அதிலுள்ள சாய்வு அளக்கும் வசதியைத் திறந்தால் டிகிரி தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். சைலன்சர் ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. வண்டியில் பாரம் இருக்கும்போதும் அளக்க வேண்டும். காலி வண்டியில் கிடைக்கும் கோணம் காகிதக் கணக்கு. ரப்பர் ஷீட்டையோ உர மூட்டைகளையோ ஏற்றினால் ஸ்பிரிங் பட்டைகள் அமர்ந்து வால் மூன்று நான்கு விரற்கடை இறங்கும். கீழே வரும் உதாரணத்தில் அந்த இறக்கம் மட்டுமே ஏறத்தாழ மூன்றரை டிகிரியைத் தின்றுவிடுகிறது. பாரத்தோடு ஓடையைக் கடப்பதுதான் உங்கள் அன்றாட வேலை என்றால், பாரத்தோடு எடுத்த அளவுதான் உங்கள் அளவு.

எதைச் செய்தால் எத்தனை டிகிரி கூடும்?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தெரிந்திருந்தால் பாதிப் பேர் தூக்கும் வேலைக்கே போகமாட்டார்கள். ஆகவே கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

டயரின் ஆரம் 350 மி.மீ. என்று வையுங்கள். பின் அச்சின் மையத்திலிருந்து 1,100 மி.மீ. பின்னால், தரையிலிருந்து 450 மி.மீ. உயரத்தில் பம்பரின் கீழ்விளிம்பு இருக்கிறது. பின்கோணம் 24 டிகிரியை ஒட்டி வரும். பாரம் ஏற்றி 70 மி.மீ. இறங்கினால் 20 டிகிரிதான்.

இப்போது வண்டியை 50 மி.மீ. தூக்குகிறீர்கள். இரண்டு அங்குலம் தூக்குவதற்கு ஸ்பிரிங், ஷாக், யு போல்ட் எல்லாம் மாற்ற வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 26 டிகிரி. கூடியது இரண்டரைக்கும் கீழே.

தூக்காமல், வாலில் 200 மி.மீ. நீளத்தைக் குறைத்து, உயரத்தை அப்படியே விட்டால் 29 டிகிரி. கூடியது ஐந்து.

நீளத்தையும் தொடாமல், தாழ்வாகத் தொங்கும் அந்தப் பம்பரை மட்டும் கழற்றுகிறீர்கள். அடுத்துத் தாழ்ந்த இடம் பாடியின் அடியில் குறுக்கே ஓடும் கடைசி இரும்புச் சட்டம், அதாவது குறுக்குச் சேனல். அது 1,050 மி.மீ. பின்னால், 600 மி.மீ. உயரத்தில் இருந்தால் பின்கோணம் 32 டிகிரி. எட்டு டிகிரி கூடிவிட்டது, அதுவும் நான்கைந்து போல்ட்டுகளைக் கழற்றியதில்.

உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம். வரிசை பெரும்பாலும் மாறாது. தொங்குவதை எடு, பிறகு நீளத்தைப் பார், அதன் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் உயரத்தைப் பற்றி யோசி.

பின் பம்பரைக் கழற்றிவிட்டு ஓடலாமா?

எந்தப் பம்பர் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்துப் பிக்கப்களில் பாதிக்கு மேல், வாங்கிய மறுவாரமே கடையில் போட்ட கனமான இரும்புக் குழாய் பம்பர் இருக்கும். ஏறுவதற்குப் படி, அலங்காரத்துக்கு இரண்டு கொம்பு. மலையில் முதலில் இடிப்பது இதுதான். இதைக் கழற்றுவது வண்டியைக் கம்பெனி கொடுத்த நிலைக்குத் திருப்புவது, அவ்வளவுதான். தயங்க வேண்டாம். இதுபோன்ற இரும்புக் காப்புகளைத் தடுக்கச் சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது.

கம்பெனியே கொடுத்த பம்பர் என்றால் விஷயம் வேறு. அதைக் கழற்றிப் பொதுச் சாலையில் ஓடினால் பின்னால் வந்து மோதும் பைக்காரருக்கு ஆபத்து, உங்களுக்கும் சட்டச் சிக்கல். ரப்பர் தோட்டத்தில் ஷெட் வைத்திருக்கும் சிலர் செய்வது நல்ல வழி. பம்பரின் போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத வகைக்கு மாற்றிவிடுகிறார்கள். தோட்டத்துக்குள் ஓடும் நாட்களில் கழற்றி வைத்து, ரோட்டுக்கு வருமுன் மாட்டிவிடுகிறார்கள். இரண்டு ஸ்பேனர், கால் மணி நேரம்.

ஸ்டெப்னியை எங்கே கொண்டுபோவது?

பம்பருக்கு அடுத்துத் தட்டுவது பெரும்பாலும் அடியில் தொங்கும் ஸ்டெப்னிதான். அதைப் பாடிக்குள், கேபினை ஒட்டிய முன் சுவரில் நிற்க வைத்துப் பூட்டுவதே என் தேர்வு. கொஞ்சம் இடம் போகும். ஆனால் எடை அச்சுக்கு முன்னால் வந்துவிடுகிறது, ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிப்போவது குறைகிறது. சேற்றில் சிக்கிய வண்டியின் அடியில் படுத்து ஸ்டெப்னியை இறக்கும் கொடுமையும் இல்லை. பின் கதவில் மாட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பிக்கப்பின் பின் கதவுக் கீல்கள் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சைலன்சர் குழாயை வெட்டி இடையிலேயே விட்டுவிடலாமா?

கடைசிக் குழாயைச் சற்று மேலே தூக்கிக் கட்டுவதும், நுனியைச் சாய்வாக வெட்டுவதும் சரி. ஆனால் புகை இடப்பக்கமோ கீழ்நோக்கியோ வெளியேறக் கூடாது, பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆம் விதி சொல்கிறது. டீசல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது 113ஆம் விதி. பாடிக்கு அடியிலேயே புகையை விட்டால் அது தார்ப்பாய்க்குள் சுழன்று, பின்னால் உட்கார்ந்து வரும் பால்வெட்டுத் தொழிலாளர்களின் மூச்சில்தான் போய்ச் சேரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 மாசுத் தரத்துக்கான டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பெட்டியும் உணரிகளும் உள்ளன. இன்ஜினிலிருந்து அந்தப் பெட்டி வரை எதையும் தொடக் கூடாது.

சேசிஸின் பின்முனையை வெட்டலாமா? எல்லாரும் செய்கிறார்களே.

வெட்டவே கூடாது என்பதுதான் சாலையில் ஓடும் வண்டிக்கு என் பதில். ஏன் என்று விளக்குகிறேன்.

பிக்கப்பின் சேசிஸ், இரண்டு நீளச் சேனல்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சேனல்களும் சேர்ந்த ஓர் ஏணி. பின்முனையிலுள்ள கடைசிக் குறுக்குச் சேனல் சும்மா அங்கே கிடக்கவில்லை. ஒரு சக்கரம் பாறைமேலும் மறு சக்கரம் குழியிலும் நிற்கும்போது இரண்டு நீளச் சேனல்களும் தனித்தனியே முறுக்கிக்கொண்டு விலகாமல் பிடித்துவைப்பது அதுதான். அதை வெட்டி எறிந்தால் முதல் மழைக்காலத்திலேயே ஸ்பிரிங் பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் தொடங்கும். முதலில் தலைமுடி போன்ற கோடு. பெயிண்டின் மேல் துருநிறத்தில் மெல்லிய கசிவு தெரியும். அதைக் கவனிக்காவிட்டால் ஒரு நாள் பாரத்தோடு இறக்கத்தில் அச்சு ஒருபக்கமாக நழுவும்.

வெட்டுகிற விதமும் மோசம். கேஸ் கட்டிங்கில் உருக்கிய விளிம்பில் இரும்பின் குணமே மாறிப்போகிறது. சேனலின் மேல், கீழ் பட்டைகளில்தான் வளைவின் விசையில் பெரும்பகுதி விழுகிறது. அங்கே ஓட்டை போடுவதும் குறுக்கே வெல்டிங் வைப்பதும் விரிசலுக்கு அழைப்பு. ஏதாவது மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சேனலின் நடுச்சுவரில், டிரில் போட்டு, போல்ட் வைத்து மாட்டுங்கள்.

தனியார் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும், சாலைக்கே வராத பழைய வண்டியில் சிலர் பின்முனையைக் குறைக்கிறார்கள். அங்கேகூட ஷேக்கிள் இருக்கும் இடத்தை நெருங்காமல், வெட்டிய முனைக்குப் புதிய குறுக்குச் சேனல் போட்டு மூடாமல் ஓட்டக் கூடாது.

அப்படியானால் பாடியை மட்டும் குறைப்பது எப்படி?

இதுதான் சரியான கேள்வி. இரண்டு வழிகள்.

முதலாவது, மூலையைச் சாய்ப்பது. பாடியின் நீளத்தை மாற்றாமல், பின் சக்கர வளைவுக்குப் பின்னாலுள்ள கீழ்மூலையை மட்டும் சாய்வாக வெட்டி, உள்ளே தகடு வைத்து மூடுவது. சரக்கு வைக்கும் தரை அப்படியே இருக்கும், கீழே தொங்கும் தகடு மட்டும் போய்விடும். தாழ்ந்த மடிப்புத் தகடுகள் உள்ள பாடிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெட்டுவதற்கு முன் டெயில் லைட் ஒயர், டீசல் நிரப்பும் குழாய், பாடியின் உள் மடிப்பில் ஓடும் கம்பிகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் இந்த வேலையைச் செய்யும் முதிய மேஸ்திரியைக் கவனித்திருக்கிறேன். கிரைண்டரை எடுப்பதற்கு முன் அவர் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, மூலையில் வைத்து, பென்சிலால் வரைந்து, அட்டையில் வெட்டிப் பார்ப்பார். வண்டி முதலாளியைக் கூப்பிட்டு, பின் சக்கரத்தை ஒரு கல்லின்மேல் ஏற்றச் சொல்வார். பட்டை முழுவதும் அமுங்கி டயர் மேலே வரும்போது அட்டையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். தொட்டால் மறுபடியும் அட்டை. தகட்டில் கைவைப்பது அதன் பிறகுதான். அவசரப்படும் முதலாளிகளுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் வெட்டிய வண்டியில் டயர் உரசியதாகக் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது வழி, பழைய பாடியை முழுவதுமாக இறக்கிவிட்டு, பின்பகுதி அடியில் மேல்நோக்கிச் சாயும்படி புதிய தட்டையான பாடி கட்டுவது. ஆஸ்திரேலியப் பண்ணை வண்டிகளில் இந்த வகைத் தட்டுப் பாடி நிறைய. வேலை அதிகம், செலவும் அதிகம். ஆனால் இடிப்பது அனேகமாக நின்றுவிடும்.

எந்த வழியானாலும் பாடியைச் சேசிஸோடு சேர்த்து வெல்டிங் வைக்காதீர்கள். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும், முறுக்க வேண்டும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவே கம்பெனி இடைவெளி விட்டிருப்பது அதற்காகத்தான். பாடி ரப்பர் திண்டுகளின் மேலோ மரப்பட்டையின் மேலோ உட்கார்ந்து, போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். வெல்டிங் வைத்த பாடி முறுக்க விடாது. முறுக்க விடாத இடத்தில் ஏதாவது ஒன்று உடையும்.

இன்னொன்று. பாடியின் நீளத்தைக் குறைத்தவர்கள் அதே பாரத்தை ஏற்ற வேண்டும் என்று உயரத்தில் அடுக்குகிறார்கள். வாழைக்குலைகளை மூன்று வரிசை ஏற்றி, பாலமோர்ச் சாலையின் வளைவுகளில் வண்டி சாய்ந்துகொண்டு இறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. நீளம் குறைந்தால் பாரமும் குறைய வேண்டும்.

பிறகு வண்டியைத் தூக்குவதால் பயனே இல்லையா?

பின்கோணத்துக்காக மட்டும் தூக்குவது வீண் செலவு என்கிறேன். வயிறு இடிக்கிறது, கிரவுன் இடிக்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. அதிலும் கிரவுன் உயர வேண்டும் என்றால் பெரிய டயர் ஒன்றே வழி. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அச்சு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும்.

தூக்கும்போது பிரேக்கில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி ஒரு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறி வால் இறங்கும்போது அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தைத் திறந்துவிடும். வண்டி காலியாக இருந்தால் குறைக்கும். ஷேக்கிளை நீட்டி வண்டியைத் தூக்கிவிட்டால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலியாகவே தெரியும். ஒரு டன் பாரத்தோடு இறக்கத்தில் வருகிறீர்கள், பின் பிரேக் பாதிதான் பிடிக்கிறது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்யாத எந்தப் பட்டறையிடமும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ஜாயிண்டுகள் சீக்கிரம் தேய்வது, பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடுவது ஆகியவை தனிக் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கடையில் போட்டதைக் கழற்றுவது, ஸ்டெப்னியை இடம் மாற்றுவது போன்றவை ஆர்.சி. விவரங்களைத் தொடுவதில்லை. பாடியின் வகை, மொத்த நீளம், காலி எடை, அச்சுகளுக்கு இடையிலான தூரம் இவற்றைத் தொடும் எதுவும் முன்கூட்டியே கேட்டுச் செய்ய வேண்டியது. டி.என். 74 வண்டி என்றால் நாகர்கோவில் அலுவலகம், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம் அலுவலகம். செய்யப்போகும் வேலையின் வரைபடத்தோடு மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாருங்கள். வேலை முடித்துவிட்டு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போய் நின்று கெஞ்சுவதைவிட அது எவ்வளவோ மேல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

புதிதாக வண்டி வாங்கப் போகிறேன். முதலிலேயே சரியாகச் செய்ய வழி உண்டா?

உண்டு, இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகள் பாடி இல்லாமல், கேபினும் சேசிஸும் மட்டுமாகவும் கிடைக்கின்றன. அப்படி வாங்கி, பதிவுக்கு முன்பே அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுபவரிடம் உங்களுக்கு வேண்டிய வடிவில் கட்டினால், அந்த வடிவமே ஆர்.சி.யில் ஏறிவிடும். பாடி கட்டியவர் 22ஏ படிவத்தில் சான்று தர வேண்டும். லாரி பாடிகளுக்கான ஏஐஎஸ் 093 தரவிதிகள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாமக்கல்லுக்குப் போனால் லாரி பாடியில் ஊறிய கைகள் கிடைக்கும்.

சரக்கு வண்டியில் பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 93ஆம் விதி. அது மேல் எல்லை. அவ்வளவு நீட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மலைக்குப் போகும் வண்டி என்றால் 35 அல்லது 40 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்வேன்.

எங்களிடம் இருப்பது பெரிய லாரி. பின்னால் குறுக்கே இருக்கும் காப்புக் கம்பியை எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் அது பின்னால் வரும் காரோ பைக்கோ லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் காப்பு. ஐஎஸ் 14812 தரத்தின்படி செய்யப்பட்டது, சட்டப்படி கட்டாயம். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை இரவு பகலாக டிப்பர்கள் ஓடும் நம் சாலைகளில் அதைக் கழற்றுவது கொலைக்குச் சமம். லாரி ஏறாத தோட்டத்துக்குச் சின்ன வண்டியை அனுப்புங்கள்.

டோ ஹூக் பம்பரில்தான் இருந்தது. இனி சிக்கினால் எங்கே கயிறு கட்டுவது?

சேசிஸின் இரண்டு சேனல்களின் பின்முனையிலும், நடுச்சுவரில் போல்ட் போட்டு, உள்ளே தடித்த தகடு வைத்து, இழுக்கும் தாங்கு அளவு பொறித்த கொக்கிகளை மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் கயிற்றைக் கட்டி இழுக்கவே கூடாது. அது ஒடிந்து பறந்தால் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். இழுக்கும்போது கயிற்றின் மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீனும் வலையும் ஏற்றி மணலில் இறங்கும் வண்டிகளுக்கும் வால் இடிக்கும் பிரச்சினை இதேதான். கூடுதல் எதிரி உப்பு. வெட்டிய விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே துரு தொடங்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. விளிம்பு காய்வதற்கு நேரமே கிடைக்காது. கிரைண்டர் போட்ட அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுக் கரைசலைப் பீய்ச்ச வேண்டும். புதிதாக வைத்த தகட்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். வடிகால் இல்லாத மூலை வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும்.

வெல்டிங் வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் பெட்டியும் ஆல்டர்னேட்டரும் போய்விடலாம். எர்த் கவ்வியை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் வீல் பேரிங் வழியாக ஓடக் கூடாது. டீசல் டாங்க் அருகில் இருந்தால் அதை இறக்கியே ஆக வேண்டும். காலி டாங்க் என்று நம்பாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் ஆபத்து. பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஒயர்கள் மேல் பொறி விழாமல் மூட வேண்டும்.

மாற்றிய வண்டியைக் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. நம் மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும் அங்கேதான் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் சாலையைவிட்டு இறங்குவது குற்றம். உங்கள் தோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள், அல்லது நண்பரின் தோட்டத்தில்.

இவ்வளவு செய்தும் சில சப்பாத்துகளில் (ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட கான்கிரீட் பாதைகளில்) இடிக்கிறது. என்ன செய்ய?

சப்பாத்தின் கான்கிரீட் விளிம்பு மழையில் அரித்துப் படியாக நிற்கும் இடங்களில் எந்த வண்டியும் இடிக்கும். நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக ஏறுங்கள். ஒரு பின் சக்கரம் முதலில் ஏறினால் வாலின் அந்தப் பக்கமும் சேர்ந்து உயரும். வெள்ளம் கலங்கலாக ஓடும்போது படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இறங்கிக் கம்பால் குத்திப் பாருங்கள். வழக்கமாகப் போகும் வழி என்றால் படியில் நான்கு கல்லைப் போட்டுச் சரிவாக்குவது எந்தப் பட்டறை வேலையையும்விட மலிவு.

வேலை முடிந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

பலகையை எடுத்து, காலியாகவும் பாரத்தோடும் மறுபடியும் அளந்து எழுதி வையுங்கள். டெயில் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான் எல்லாம் பின்னாலிருந்து தெளிவாகத் தெரிகின்றனவா என்று இருட்டிய பிறகு தள்ளி நின்று பாருங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை மடக்கவோ பாடிக்கு உள்ளே தள்ளவோ கூடாது. நாலைந்து நாள் ஓடியதும் பாடி போல்ட்டுகள், கொக்கி போல்ட்டுகள், யு போல்ட்டுகள் அனைத்தையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய பெயிண்ட் நசுங்கி இடம் கொடுத்து, எல்லாமே சற்றுத் தளர்ந்திருக்கும். முதல் மழைக்காலம் முடிந்ததும் வண்டியைக் கழுவி, அடியில் டார்ச் அடித்து, ஷேக்கிள் இருக்கும் இடத்தையும் வெல்டிங் வைத்த ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். துருநிறக் கோடு தெரிந்தால் அன்றே பாரம் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.